ஆடி மாதத்துக் குளிர்

முனியராஜ் அண்ணனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, "நல்ல மனுசனைப் பற்றி இப்படி எழுதிவிட்டாளே" என்று யாரும் என் வீட்டு வாசலுக்கு வரக்கூடாது. நல்ல மனுசன்தான். குடி கிடையாது, சீட்டு கிடையாது, பீடி கூடக் கிடையாது. நாரணாபுரத்தில் எங்கள் தெருவில் எம்.ஏ. படித்த ஒரே ஆள். போன வருசம் ஆடி வரைக்கும் எனக்கும் அவரைப் பிடித்துத்தான் இருந்தது. பதினோரு வருசம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன், ஒரு நாள்கூட நாங்கள் முகம் சுளித்துக்கொண்டதில்லை.

சிவகாசியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நோட்ஸும் அகராதியும் அச்சடிக்கிற சின்னப் பிரஸ் ஒன்றில் நாங்கள் வேலை பார்க்கிறோம். என் பெயர் பாண்டிச்செல்வி. கம்ப்யூட்டரில் எழுத்து அடிக்கிறவள். இங்கிலீஷ் பிழையில்லாமல் அடிப்பேன், அர்த்தம் பாதிதான் தெரியும். முனியராஜ் அண்ணன் அங்கே இங்கிலீஷ்–தமிழ் அகராதி எழுதுகிறவர். வீடும் பக்கத்துப் பக்கம். முறைக்கு அவர் எனக்கு அண்ணன், அவர் பெண்டாட்டி செல்லக்கனி எனக்கு மதினி.

அவருடைய அப்பாவும் அம்மாவும் தீப்பெட்டி ஆபீஸில் கிடந்தவர்கள். அதற்கு முந்தின தலைமுறை அடுத்தவன் காட்டில் களையெடுத்தது. அந்த வீட்டில் பிறந்து ஒருத்தன் பி.ஏ. இங்கிலீஷ் முடித்ததே பெரிய சங்கதி. அதற்கு மேல் படிக்க ஆசை இருந்தது, வழி இல்லை. கல்யாணம் முடிந்த பிறகு வழியைச் செய்து கொடுத்தது மதினிதான். விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாயில் வெடிமருந்து செலுத்துகிற ரூமில் அவளுக்கு வேலை. காலையில் அவள் வேன் ஏறிப் போவாள், இவர் வீட்டில் தபாலில் வந்த எம்.ஏ. பாடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தெருவில் விடுவார்களா? "பொண்டாட்டி மருந்து இடிக்கா, புருசன் இங்கிலீஷ் இடிக்கான்" என்று சிரித்தார்கள். மதினி கோபப்படவே மாட்டாள். "இடிக்கட்டும். எழுத்துத் தெரிஞ்ச ஆளு வீட்டுக்குள்ள இருந்தா எந்தப் பய நம்மள ஏமாத்த முடியும்?" என்பாள். அவள் அஞ்சாவது வரை படித்தவள். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பாள், இங்கிலீஷ் என்றால் மூடிவைத்த சட்டிதான்.

எம்.ஏ. முடித்தார். வாத்தியார் வேலைக்கான பரீட்சையும் பாஸ் செய்தார். பாஸ் செய்தவர்கள் ஒரு ஊரையே நிரப்புகிற அளவுக்கு இருந்தார்களாம், வேலை வரவில்லை. ரெண்டு மூன்று தனியார் பள்ளிக்கூடங்களில் அல்லாடிவிட்டுக் கடைசியில் எங்கள் பிரஸ்ஸுக்கு வந்தார். பிள்ளை இல்லை அவர்களுக்கு. அகராதிதான் அவருக்குப் பிள்ளை மாதிரி. ஒரு வார்த்தைக்குச் சரியான அர்த்தம் கிடைத்துவிட்டால் ஊருக்கே டீ வாங்கிக் கொடுப்பார். கிடைக்காவிட்டால் மத்தியானச் சோறு இறங்காது.

அப்படிச் சோறு இறங்காமல் ஒரு வாரம் கிடந்தது 'டிராஃப்டி' என்ற வார்த்தைக்காக. அது ஆனி மாதக் கடைசி. எங்கள் பிரஸ்ஸில் முன்னால் போட்ட பழைய அகராதியில் அதற்கு 'காற்றோட்டமான' என்று ஒரே வார்த்தையில் முடித்திருந்தது. அதைப் பார்த்து அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார்.

"இந்தா பாரு பாண்டிச்செல்வி, வெள்ளைக்காரன் குறை சொல்ற வார்த்தைய நம்ம ஆளு மெச்சுற வார்த்தையா ஆக்கி வச்சிருக்கான். இதப் படிச்ச பிள்ளை என்ன எழுதும்? எங்க வீடு டிராஃப்டி, வாங்க வந்து தங்குங்கன்னு எழுதும்."

"குறையா? காத்து வாறது குறையாண்ணே?" என்றேன். எங்கள் ஊரில் காற்று வருகிற வீட்டுக்கு வாடகை கூட.

"குளிர் தேசத்துல குறைதான். ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு, ஓட்டை ஒடசல் வழியா ஊசி மாதிரி காத்து உள்ள வரும். வீட்டுக்காரன் சூட்ட ஏத்தி வச்சிருப்பான், அது பூராம் போயிரும். அதான் அந்த வார்த்தை. ரூமுக்குச் சொல்லலாம், வீட்டுக்குச் சொல்லலாம், பெரிய மண்டபத்துக்குச் சொல்லலாம். வெளிய அடிக்கிற காத்துக்குச் சொல்லக்கூடாது. ஆளுக்கும் சொல்லக்கூடாது. இடத்தைத்தான் சொல்லணும், அதுவும் சலிச்சுக்கிட்டுத்தான் சொல்லணும்."

இவ்வளவு தெளிவாகத் தெரிந்தவருக்குத் தமிழில் எழுத வரவில்லை. 'குளிர்காற்றுப் புகும்' என்று எழுதினார், அடித்தார். 'ஒழுகும்' என்று எழுதினார். மழைதான் ஒழுகும், காற்று ஒழுகுமா என்று நான் கேட்டேன், அதையும் அடித்தார். குளிரில் நடுங்கியே பழகாத ஊரில் உட்கார்ந்துகொண்டு குளிருக்கு வார்த்தை தேடினால் எங்கே கிடைக்கும்? விருதுநகர் வெயிலுக்கு ஏழெட்டு வார்த்தை கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு வாசலில் பேச்சு அதைப் பற்றியே போனது. மதினி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நானும் கூட உட்கார்ந்திருந்தேன். அண்ணன் விளக்கி முடித்ததும் மதினி சிரித்தாள்.

"இதுக்கா இம்புட்டுப் பாடு? எங்க ரூமு அப்படித்தான இருக்கு. கெளக்க ஒரு கதவு, மேக்க ஒரு கதவு. ஆடி பொறந்துட்டா மேக்கயிருந்து காத்து உள்ள வந்து கெளக்க ஓடும். தட்டுல இருக்கிற மருந்து பூராம் பறந்து மூஞ்சியில அப்பும். ஆனா எங்களுக்குக் குளிராது. வேத்து ஊத்தும்."

"அப்ப கதவச் சாத்திக்கிடுவீகளா மதினி?" என்று நான் கேட்டேன்.

"சாத்தக்கூடாதும்பாக. சாத்தச் சொல்லவும் செய்வாக" என்றாள்.

அதுதான் அங்கே நடப்பு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், மருந்து பறக்காதா? பட்டாசு ரூமுக்குக் கதவு எதிரும் புதிருமாக வைப்பதே, ஒரு பக்கம் தீப்பிடித்தால் மறுபக்கம் ஓடுவதற்குத்தான். ரெண்டும் வெளிப்பக்கமாகத் திறக்கணும். தாழ்ப்பாள் இருக்கவே கூடாது. வேலை நடக்கும்போது திறந்தே கிடக்கணும். இதெல்லாம் சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதிப் போட்டிருக்கும். ஆனால் ஆடி வந்ததும் போர்மேன் கண்ணுச்சாமி ரூம் ரூமாக வந்து, "ஏத்தா, மேக்க உள்ள கதவைச் சாத்துங்க. மருந்து பூராம் காத்துல போனா லோடு எப்பிடி முடியும்?" என்பார். தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் நிற்கும். சாத்தின கதவு சுழற்காற்றில் படபடவென்று அடிக்கும், மருந்து ரூமில் கதவு அப்படி அடிக்கவும் கூடாது, அந்த அதிர்விலேயே பற்றிக்கொள்ளும். அதனால் கதவுக்கு வெளியே ஒரு கனத்தை முட்டுக் கொடுப்பார்கள். என்ன கனம் தெரியுமா? தீப்பிடித்தால் அணைக்க வைத்திருக்கிற மணல் வாளி. அதை எடுத்து வெளியிலிருந்து கதவோடு ஒட்டி வைத்துவிடுவார்கள். அதிகாரி வருகிறார் என்று சேதி வந்தால் வாளி பழைய இடத்துக்குப் போய்விடும். எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான் இது. அந்தக் கம்பெனி வேன் ஓட்டுகிற என் வீட்டுக்காரர் முத்துப்பாண்டிக்கும் தெரியும், அவர் மூலமாக எனக்கும் தெரியும். யாரும் இதைத் தப்பு என்று நினைக்கவே இல்லை. மழை வந்தால் குடை பிடிப்பது மாதிரி ஆடி வந்தால் வாளி வைத்தோம்.

மறுநாள் அண்ணன் உற்சாகமாகப் பிரஸ்ஸுக்கு வந்தார். 'இடுக்குகள் வழியே குளிர்காற்று புகுந்து வாட்டுகிற (அறை, வீடு)' என்று எழுதிக் கொடுத்தார். நான் அடித்தேன். அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

ஆடி மூன்றாம் வாரம், புதன்கிழமை, காலை பதினொன்றரை மணி இருக்கும். அன்று மதினியின் ரூமில் மூன்று பேர். மதினி, சண்முகத்தாய், அப்புறம் பாண்டிலட்சுமி. பாண்டிலட்சுமி இருபத்தாறு வயதுப் பிள்ளை, மதினிதான் அவளை அந்த வேலைக்குச் சேர்த்துவிட்டவள். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு நடந்து போக வேண்டும் என்று மஞ்சள் சேலை எடுத்து வைத்திருந்தாள். காகிதக் குழாய் தீர்ந்துவிட்டதென்று மதினி கொட்டகைக்கு எடுக்கப் போனாள். போகும்போது மேற்குக் கதவு வழியாகப் போய், காலையில் போர்மேன் சொன்னபடி கதவை இழுத்துச் சாத்தினாள். வெளியே நின்ற கண்ணுச்சாமி, "சாத்துனா மட்டும் போதுமா, அடிச்சுக்கிட்டே கிடக்கும்லா" என்று சொல்லி அவரே வாளியைத் தூக்கி முட்டுக் கொடுத்தார். மதினி அதைப் பார்த்துக்கொண்டே போனாள். தினமும் நடக்கிறதுதானே.

அவள் குழாய்க் கட்டோடு திரும்பி வரும்போது கிழக்குக் கதவு வழியாகப் புகை வந்தது. கலந்த மருந்துத் தட்டைக் காற்றுக்குப் பயந்து அந்தப் பக்கம்தான் வைத்திருந்தார்கள். தீ அங்கே. மேற்குக் கதவை உள்ளேயிருந்து ரெண்டு பேரும் தள்ளுகிறார்கள், வாசல் மண்ணில் பதிந்து நின்ற வாளி நகரவில்லை. கண்ணுச்சாமி தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தார். மதினி கட்டைப் போட்டுவிட்டு ஓடி வாளியை இழுத்துத் தள்ளிக் கதவைப் பிடித்துத் திறந்தாள். தீ அவள் கைகளுக்கு வந்தது. கதவோடு ஒட்டி நின்ற சண்முகத்தாயை இழுத்து வெளியே போட்டாள். பாண்டிலட்சுமி புகையில் ரெண்டு எட்டுப் பின்னால் போயிருந்தாள். அந்த ரெண்டு எட்டுதான் கணக்கு. அதற்குள் ரூம் போய்விட்டது.

இதை மதினி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னிடம் சொன்னாள். அண்ணனிடமும் சொன்னாள், நான் அப்போது பக்கத்தில் இருந்தேன். ரெண்டு கையும் முழங்கை வரைக்கும் கட்டு. இடது பெருவிரல் மட்டும் தப்பித்து வெளியே தெரிந்தது.

கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். தீபாவளிக்கு ரெண்டரை மாதம். முந்நூறு வீட்டுக்கு அடுப்பு அந்தக் கம்பெனியில்தான் எரிகிறது. முதல் வாரம் தெருவே அழுதது, அது உண்மையான அழுகை. ரெண்டாவது வாரம் வேறு மாதிரிப் பேச்சு வர ஆரம்பித்தது. சாவு என்றால் மூன்று நாள், பசி என்றால் தினமும்தானே.

ஒரு மத்தியானம் எங்கள் பிரஸ்ஸுக்கே வந்தார்கள். கம்பெனி மேனேஜர் ஒருத்தர், கூடவே பால்பாண்டி. பால்பாண்டி யார் தெரியுமா? செத்துப்போன பாண்டிலட்சுமியின் புருசன். மொட்டையடித்த தலையில் முடி இன்னும் முளைக்கவில்லை. அவனுடைய அப்பா, தங்கச்சி, அவன், எல்லோருமே அங்கே வேலை பார்க்கிறவர்கள்.

மேனேஜர் இதமாகத்தான் பேசினார். "மேலிடத்துக்கு இங்கிலீஷ்ல ஒரு வாக்குமூலம் குடுக்கணும் சார். உங்க வீட்டம்மா பேருல. கம்பெனி சாத்தச் சொல்லலை, அவுகளே சாத்துனாகன்னு இருந்தா சீல் எடுத்துருவாக. அவுக மேல கேசு வராம நாங்க பாத்துக்கிடுதோம். நீங்களே எழுதுனா நல்லது, உங்களவிட இங்கிலீஷ் தெரிஞ்சவுக இங்கன யாரு இருக்கா?" போகிற போக்கில், எங்கள் பிரஸ்ஸுக்குக் கம்பெனியின் லேபிள் ஆர்டர் வரலாம் என்றும் முதலாளி காதில் விழுகிற மாதிரிச் சொல்லிவைத்தார்.

அண்ணன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். "நடந்தது அது இல்லையே" என்றார்.

அப்போதுதான் பால்பாண்டி அவர் காலடியில் உட்கார்ந்தான். "செத்தவ செத்துட்டாண்ணே. இனி யாரு வச்சா என்ன, யாரு சாத்துனா என்ன? அவ வருவாளா? எங்கப்பன் மூணு நாளாக் கடையில கடன் சொல்லித்தான் அரிசி வாங்குறாரு. முந்நூறு வீடுண்ணே. ஒத்த வரி. நீங்க எழுதுங்க" என்று அழுதான். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன் வந்து இப்படிக் கேட்டால் என்ன சொல்ல முடியும்?

அவர்கள் போன பிறகு அண்ணன் வெகு நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுதினார். எழுதினதை என்னிடம் கொடுத்தார். நான் அடிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது வரியில் அந்த வார்த்தை வந்தது. டிராஃப்டி. போன மாதம்தான் அடித்த வார்த்தை, கை நின்றுவிட்டது.

"என்னண்ணே இது?"

"காரணம் வேணும்லா" என்றார். "மருந்து பறக்குதுன்னு சாத்துனான்னா அது வேலைக்காகச் சாத்துனது, கம்பெனி தலையில விடியும். அவ சௌகரியத்துக்குச் சாத்துனதா இருக்கணும். ரூமு டிராஃப்டியா இருந்துச்சு, காத்து தாங்க முடியல, அதனால என் வசதிக்காக நானே சாத்தி அடைச்சு வச்சேன். படிக்கிறவனுக்குக் கேள்வியே வராது."

அவர் முகத்தை அப்போது நான் பார்த்தேன். ஒரே ஒரு விநாடி, சரியான வார்த்தை சரியான இடத்தில் உட்கார்ந்த சந்தோஷம் அதில் இருந்தது. அந்த விநாடிக்காகத்தான் அவரை எனக்குப் பிடிக்காமல் போனது. பயந்து எழுதியிருந்தால் மன்னித்திருப்பேன்.

"வாளிய யாரு வச்சான்னு இல்லையே" என்றேன்.

"வாளி வேண்டாம். வாளின்னு எழுதுனா யாரு வச்சான்னு கேப்பாக."

"மதினிகிட்டச் சொல்லிட்டீகளா?"

"நீ அடி" என்றார். நான் அடித்தேன். அடிக்க மாட்டேன் என்று எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. என் வீட்டுக்காரரின் வேனும் அந்தச் சீலுக்குள்தான் நின்றுகொண்டிருந்தது.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குக் காகிதத்தைக் கொண்டுபோனார். மதினி, "என்ன எழுதியிருக்கீக?" என்று கேட்டாளாம். "நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கேன்" என்றாராம். அவள் இடது பெருவிரலை நீட்டினாள், அவர் மை தடவிவிட்டார். பக்கத்துக் கட்டிலுக்குக் கஞ்சி கொண்டுபோன எங்கள் தெருக்காரி ஒருத்தி பார்த்துவிட்டு வந்து சொன்னது இது. "என்னதான் இருந்தாலும் படிச்ச புருசன் வேணும்" என்று வேறு சொன்னாள்.

இருபது நாளில் சீல் எடுத்தார்கள். திறந்த அன்று கம்பெனியில் எல்லோரையும் நிறுத்திவைத்து ஒரு கூட்டம் போட்டார்கள். கதவுகளைச் சாத்தக்கூடாது என்று புத்தி சொன்னார்கள். ஒரு தொழிலாளி காற்று தாங்காமல் தன் வசதிக்காகக் கதவைச் சாத்தியதால் ஒரு உயிர் போனது, அதை அவரே எழுதிக் கொடுத்து ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று தமிழில் வாசித்தார்கள். பேர் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கண்ணுச்சாமி கை கட்டிக்கொண்டு நின்று கேட்டாராம்.

மதினி வீட்டுக்கு வந்தபோது தெரு வேறு தெருவாக இருந்தது. வலது கையில் மூன்று விரல் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது. பார்க்க வருவார்கள் என்று பாய் விரித்து வைத்தாள், ரெண்டு பேர்தான் வந்தார்கள். முந்நூறு வீட்டுக்காக அண்ணனிடம் கெஞ்சினார்களே, அந்த முந்நூறு வீட்டில் ஒருத்தருக்கும் அது கெஞ்சி வாங்கின பொய் என்பது ஞாபகம் இல்லை. ஒரு மாதத்தில் அதையே உண்மை என்று நம்பிவிட்டார்கள். நம்பினால்தானே நிம்மதியாகச் சோறு தின்ன முடியும்? பால்பாண்டி எதிரில் வந்தால் காறித் துப்பிவிட்டுப் போனான். அவன் நடிக்கவில்லை, அது எனக்குத் தெரியும்.

மதினிக்கு ஒன்றும் புரியவில்லை. பாண்டிலட்சுமியைக் காப்பாற்றாமல் விட்டதால் கோபம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீர்க் குழாயடியில் ஒரு நாள் சண்முகத்தாய் வந்தாள். அவளுக்கும் கழுத்தெல்லாம் தழும்பு. மதினி ஆசையாக, "எப்படி இருக்கே?" என்று பக்கத்தில் போனாள்.

"எப்படி இருப்பேன்? போர்மேன் சாத்தச் சொல்றது இருக்கட்டும், எல்லாரும்தான் சாத்துவோம். தள்ளித் தள்ளிப் பாத்தேன், நகரலையே. அப்படியா அடைச்சு வைப்பே? உனக்குக் காத்து ஆகலைன்னு நீயே எழுதிக் குடுத்திருக்கேல்ல" என்றாள் சண்முகத்தாய். உள்ளே இருந்தவளுக்கு வெளியே யார் என்ன வைத்தார்கள் என்று எப்படித் தெரியும்? தன்னை இழுத்துப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

மதினி குடத்தை அங்கேயே விட்டுவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள். "பாண்டிச்செல்வி, எந்திரி. எங்க வீட்டுக்கு வா. நடுவுல ஒரு ஆளு இருக்கணும்" என்று முழங்கையைப் பிடித்து இழுத்தாள். நானும் போனேன். நடு ஆளாக, நான்.

அண்ணன் அகராதி அச்சுப் பிரதியைத் திருத்திக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு எழுதுன காகிதத்தோட நகல் இருக்கா?" என்றாள். இருந்தது. பெட்டியிலிருந்து எடுத்தார். "தமிழ்ல வாசிங்க. ஒரு எழுத்து விடாம வாசிங்க" என்றாள்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். இவள்தான் அடித்தாள் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டுமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. வாசிக்க ஆரம்பித்தார். முதல் ரெண்டு வரி பேரும் ஊரும். மூன்றாவது வரியில் நின்றார். மதினி காத்திருந்தாள். எந்த வார்த்தைக்கு ஒரு வாரம் சோறு தின்னாமல் அர்த்தம் தேடினாரோ, அந்த அர்த்தத்தை இப்போது பெண்டாட்டிக்குச் சொன்னார்.

"அறையில்... இடுக்கு வழியா குளிர்காத்து வந்து வாட்டுச்சு. தாங்க முடியாம... என் வசதிக்காக நானே..."

"எனக்குக் குளிருச்சுன்னா எழுதியிருக்கீக?" என்றாள் மதினி.

அவர் காகிதத்தை மடிக்கப் பார்த்தார்.

"ஆடி வெயில்ல, தகரத்துக்குக் கீள, அந்த ரூமுல, எனக்குக் குளிருச்சு. குளிருக்கு அடக்கமா கதவைச் சாத்திக்கிட்டேன். அப்படித்தான?" அவள் கத்தவில்லை. சந்தேகம் கேட்கிறவள் மாதிரிதான் கேட்டாள். "வாளி எங்கன வருது?"

"வாளி இல்ல."

"நான் தொறந்தது?"

"அதுவும் இல்ல."

"முந்நூறு வீடு செல்லக்கனி" என்று அண்ணன் ஆரம்பித்தார். "என்கிட்டக் கேட்டிருந்தா நானே சாத்துனேன்னு சொல்லியிருப்பேன், அந்த முந்நூறு வீட்டுக்காக" என்றாள். "நீங்க கேக்கல." அதற்கப்புறம் அவரோடு அவள் பேசவில்லை. சோறு வைக்கிறாள், துணி துவைக்கிறாள், அந்த விரலை வைத்துக்கொண்டு எல்லாம் செய்கிறாள். பேச்சு மட்டும் இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டு, கேஸ் சிலிண்டர் புத்தகம், ரேஷன் சேதி, எது வந்தாலும் அவரைத் தாண்டி என் வீட்டுக்கு எடுத்து வருகிறாள். "நீ இருக்கப்ப எனக்கு என்ன" என்கிறாள்.

கார்த்திகையில் ஒரு நாள் வந்து உட்கார்ந்து, "கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை மனு வாங்குறாகல்ல, நான் குடுக்கப் போறேன். நான் சொல்லச் சொல்ல எழுது. தமிழ்லயே இருக்கட்டும், நான் வாசிக்கணும்" என்றாள். எழுதினேன். கண்ணுச்சாமி சாத்தச் சொன்னது, வாளி வைத்தது, அவள் இழுத்தது, எல்லாம். எங்கேயும் அவள் தன்னைப் பாராட்டிக்கொள்ளவில்லை. "கம்பெனிய மூடணும்னு நான் கேக்கலன்னும் எழுது" என்றாள். எழுதி முடித்ததும், "இத உங்க பிரஸ்ஸுல நல்லா அடிச்சுக் குடுத்துரு" என்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்று என் வீட்டுக்காரர் அதை வாசித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "அடி. அடிச்சிட்டு வேன் சாவியையும் நீயே கொண்டுபோய் அங்கன குடுத்துட்டு வந்துரு" என்றார்.

முதல் வாரம் பிரஸ்ஸில் மிஷின் ரிப்பேர் என்றேன். அடுத்த வாரம் முதலாளி பக்கத்திலேயே இருந்தார் என்றேன். அப்புறம் மறுபடி மிஷின். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் வந்து வாசலில் நிற்பாள், நான் ஒன்று சொல்வேன், "சரி, வர்ற வாரம் பாப்போம்" என்று போய்விடுவாள். நாலு திங்கட்கிழமை இப்படிப் போனது. முனியராஜ் அண்ணனை வாய்க்கு வாய் வைது எழுதிக்கொண்டிருக்கிறேனே, நான் யார்?

ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை அவள் எதுவும் கேட்கவில்லை. "அந்தக் காகிதத்தைக் குடு" என்றாள். கொடுத்தேன். ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் கொண்டுவந்திருந்தாள். என் வீட்டு நடையிலேயே உட்கார்ந்து, நோட்டை முழங்காலால் அமுக்கிக்கொண்டு, இடது கையால் பார்த்து எழுத ஆரம்பித்தாள். ஒவ்வொரு எழுத்தும் புளியங்கொட்டை அளவு. ஒரு வரி எழுதி முடிக்க அவளுக்கு வேர்த்து ஊற்றியது. நான் அடுப்படிக்கும் நடைக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

வெகு நேரம் கழித்து, நான் அவசரத்தில் கிறுக்கியிருந்த ஒரு வரியில் வந்து நின்றாள். தலையைத் தூக்காமல், "பாண்டிச்செல்வி, வாளிக்கு எந்த லி போடணும்?" என்று கேட்டாள்.

சொன்னேன். அந்த ஒரு எழுத்துக்கு மட்டும்தான் நான் அவளுக்கு உதவினேன்.